உறை: 'ஸ்டார்ட்டர் கல்ச்சர்' என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

பாலைத் தயிராக்கச் சேர்க்கும் நுண்ணுயிரைப் பால்பண்ணைக்காரர்கள் 'ஸ்டார்ட்டர் கல்ச்சர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. உறை என்ற சொல்லே போதும். 'கல்ச்சர்' இலத்தீனில் பயிரிடுதலைக் குறித்த வேரிலிருந்து வந்தது. ஆய்வகத்தில் அதற்கு வளர்த்தெடுத்த நுண்ணுயிர் என்று பொருள். இந்த இடத்தில் 'கலாசாரம்' என்று எழுதுவது பிழை. 'தொடக்க வளர்ப்பு' பிழையில்லை, ஆனால் தயிர் தோய்க்கும் யாருக்கும் புரியாது.

உறைதல் என்றால் இறுகுதல். நெய் உறைகிறது, இரத்தம் உறைகிறது. தங்கி வாழ்தல் என்ற பொருளும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, நுண்ணுயிர் பாலில் வாழ்வதால் உறை என்று பெயர் வந்தது எனச் சொல்வது அழகாக இருக்கும், ஆனால் பொருந்தாது. பாலை இறுகச் செய்வதால்தான் அது உறை. ஊருக்கு ஊர் உறைமோர், பிரை, புரை என்பார்கள். மலையாளத்திலும் 'உற ஒழிக்கு'கிறார்கள்.

சொல்லின் வயதுக்குப் பெரும்பாணாற்றுப்படையின் 'உறையமை தீந்தயிர்' சான்று. அதைவிட நுட்பமானது புறநானூற்றின் 276ஆம் பாட்டு. ஒரு முதியவளின் மகன் தனியாளாக நின்று பகைப்படை முழுவதையும் கலங்கடிக்கிறான். 'ஆய்மகள் வள்ளுகிர்த் தெறித்த குடப்பால் சில்லுறை போல' என்கிறார் மதுரைப் பூதன் இளநாகனார். நகத்தால் தெறித்த சில துளி, ஒரு குடம் பாலையே மாற்றிவிடுகிறது. உறையின் வேலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விளக்கம் பாடநூலிலும் இல்லை.

அந்தத் துளியில் இருப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பாலின் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. பிஎச் அளவு (புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 6.6இலிருந்து இறங்கி 4.6ஐ நெருங்கும்போது பாலின் முக்கியப் புரதமான கேசின் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிறது. அதுதான் தயிர்.

ஒரு லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது 40 டிகிரிக்கு, ஆறவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு தேக்கரண்டி உறை, குளிர் நாளில் இரண்டு. நன்றாகக் கலந்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். காய்ச்சுவது கிருமி நீக்க மட்டுமல்ல. 80 டிகிரிக்கு மேல் பாலின் இன்னொரு புரதமான மோர்ப்புரதம் குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் நீர் விடாமல் கெட்டியாக நிற்கும். பால் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே ஊற்றினால் உறை செத்துவிடும். உறை அதிகமானால் விரைவில் புளித்து நீர் பிரியும். குளிரில் மெல்ல உறைந்தால் சில வகை பாக்டீரியா பசையைச் சுரக்க, தயிர் நூல் விடும். எல்லாம் சரியாகச் செய்தும் பால் பாலாகவே இருந்தால், மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலா என்று விசாரியுங்கள். அந்த மருந்து உறையையும் கொல்லும். உறை இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பைப் போடுவதுண்டு. அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவால் பால் உறையலாம், ஆனால் சுவை எப்படி வரும் என்று சொல்ல முடியாது.

உறைமோரை விதைநெல்லோடு ஒப்பிடுவது வெறும் உவமை அல்ல. மணமும் கெட்டியும் வாய்த்த தயிரில் மறுநாளுக்கு எடுத்து வைத்தோம், கசந்ததையும் நூல் விட்டதையும் ஒதுக்கினோம். நல்ல கதிரைப் பொறுக்கி விதைத்ததும் இதே தேர்வுதான். அதன் தடம் நுண்ணுயிரின் உடலிலேயே பதிந்திருக்கிறது. யோகர்ட்டில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் மரபணுத் தொகுதி 2004இல் வெளியானபோது, அதன் மரபணுக்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று செயலிழந்திருப்பது தெரிந்தது. அதன் இனத்தார் சிலர் நோய்க்கிருமிகள்; பாலிலேயே வாழ்ந்த இதற்கோ நோய் உண்டாக்கும் கருவிகள் தேவையற்றுப் போயின.

ஒற்றை வகையைத் தனியே பிரிக்கும் வழி பின்னால் வந்தது. பால் புளிக்கச் செய்யும் பாக்டீரியாவை ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1878இல் தனிப்படுத்தினார். தொழிற்சாலையின் தூள் உறை அந்த வழியில் வந்தது. அதற்குத் தூய உறை என்றும், வீட்டில் உள்ளதற்குக் கலப்பு உறை என்றும், பெருக்குவதற்காகக் காத்து வைப்பதற்குத் தாய் உறை என்றும் சொல்லலாம்.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் உறை என்று சொல்லக்கூடாது. அது பாலைத் திரிக்கும், உறைய வைக்காது. அப்படித் திரிந்த பாலில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலில் விட்டுப் பாருங்கள், தயிர் கிடைக்காது.