கூட்டு வேதிச்சிகிச்சை

புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் வேதிச்சிகிச்சைக்கு மருத்துவமனைப் பேச்சில் ‘கீமோ’ என்றுதான் பெயர். “அம்மாவுக்கு கீமோ ஏத்துறாங்க” என்பார்கள். கதிர்வீச்சு என்றால் “கரண்ட் வைக்கிறாங்க”. ‘காம்பினேஷன் கீமோதெரபி’ என்று டாக்டர் எழுதித் தந்தால், கீமோவும் கரண்டும் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு சிகிச்சை. இங்கே கூட்டு என்பது மருந்தோடு மருந்து சேர்வது. காம்பினேஷனின் லத்தீன் வேருக்கும் ‘இரண்டிரண்டாகச் சேர்ப்பது’ என்றே பொருள்.

கீமோதெரபி என்ற சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். அவர் மனத்தில் இருந்தவை தொற்றுநோய்கள். 1910இல் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு வந்த சல்வர்சான் அவர் தந்த மருந்து. புற்றுநோய்க்கு இந்த வழி திறந்தது 1940களில்தான். ‘தெரபி’ கிரேக்கச் சொல். பணிவிடை, பராமரிப்பு என்பதே அதன் பழைய பொருள். ‘கீமோ’ வேதியியலைக் குறிக்கும். இலங்கையில் அதை இரசாயனம் என்பார்கள். தமிழில் ‘வேதித்தல்’ என்றால் ஓர் உலோகத்தை வேறொன்றாக மாற்றுவது, ரசவாதிகளின் சொல். சிகிச்சை வடசொல் என்று கருதுவோர் ‘வேதிமருத்துவம்’ என எழுதலாம். நோயாளியின் வீட்டார் படித்ததும் புரிய வேண்டும் என்பதால் ‘காம்பினேஷன் கீமோதெரபி’க்குத் தமிழ்ச் சொல்லாகக் ‘கூட்டு வேதிச்சிகிச்சை’யையே நான் பரிந்துரைப்பேன்.

பரவிய அல்லது திரும்பி வந்த கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்தக் கூட்டு பெரும்பாலும் சிஸ்பிளாட்டினும் பாக்லிடாக்செலும். வழக்கமாக 21 நாளுக்கு ஒரு சுற்று. முன்னது பிளாட்டினச் சேர்மம், செல்லின் டிஎன்ஏவைப் பிணைத்து முடக்கும். பின்னது முதலில் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்தது, செல் பிரிவதைத் தடுக்கும். 2004இல் வெளியான ஆய்வில் சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கும் கட்டி சுருங்கியது. ஆனால் ஆயுள் கூடவில்லை. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் மருந்தான பெவாசிசுமாப்பைக் கீமோவோடு சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 13.3 மாதத்திலிருந்து 17 மாதமானதை 2014 ஆய்வு காட்டியது.

மருந்து இரண்டானால் பக்கவிளைவும் இரண்டு வழியில் வரும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கக்கூடியது. அதனால்தான் முன்னும் பின்னும் சலைன் ஏற்றுகிறார்கள். இந்த நோயில் கட்டியே சிறுநீர்க்குழாயை அழுத்தி, சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். அப்போது இன்னொரு பிளாட்டின மருந்தான கார்போபிளாட்டினுக்கு மாற்றுவதுண்டு. வாந்திக்கான மாத்திரை வாந்தி வருமுன் போட வேண்டியது. வீடு திரும்பிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் குமட்டல் வரும் என்பதால், எழுதிக் கொடுத்த நாள்வரை நிறுத்தக் கூடாது. பாக்லிடாக்செலால் முடி கொட்டும், பிறகு முளைக்கும். விரல் மரத்துப்போவதுதான் கவனிக்க வேண்டியது. ரவிக்கைக் கொக்கி மாட்டத் தடுமாறினால், “வயசாச்சு” என்று விடாமல் அடுத்த சுற்றுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வழியுண்டு.

இரண்டு மருந்துமே தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதியை முதலில் சொல்லுங்கள்.