சேட்டிலைட் முடிஞ்சுருச்சுன்னு எவனாவது வந்தா காசு குடுக்காதீங்க

டிஷ் மாட்டி ரிப்பேர் பண்றவன் நானு, போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து சாளைக்குப் போனேனுங்க. இந்த மார்ச்சுல இது மூணாவது கேஸு, அதனாலதான் சோலியை விட்டுட்டு உக்காந்து டைப் பண்றேன். எழுபது வயசு ஆத்தா, தனியா இருக்குது, டிவிதான் துணை. காலைல பதினோரு மணி வாக்குல படம் பொசுக்குனு போயிருக்குது. அந்த நேரம் பார்த்து பைக்குல ரெண்டு பேரு வந்து "உங்க சேட்டிலைட்டுக்கு ஆயுசு முடிஞ்சுருச்சுங்காத்தா, டிஷ் மாத்துனாத்தான் இனி படம்"னு சொல்லி 2,800 ரூபாய் வாங்கிட்டு, நல்லா இருந்த டிஷ்ஷையும் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. புதுசுன்னு மாட்டுனதோட பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வெள்ளை பெயிண்டுக்கு அடியில மார்க்கர்ல எழுதுன தேதி லேசா தெரியுது. கையெழுத்து என்னுது. 2019-ல வெள்ளகோயில்ல ஒரு வீட்டுக்கு நான் மாட்டுன டிஷ்ஷுங்க அது.

சேட்டிலைட்டுக்கு ஆயுசு இருக்குது, அது பொய்யில்லை. ஆனா எது முடியுதுன்னு கேட்டா பேட்டரி போயிரும், துரு புடிச்சுரும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒரு ரிட்டயர்டு வாத்தியாரே என்கிட்ட "அது பாட்டுக்கு ஒரே எடத்துல நிக்குது, நிக்கறதுக்கு எதுக்கு தம்பி எரிபொருளு"ன்னு கேட்டாருங்க. எனக்கு எச்சா கோவம் வர்றது இதுக்குத்தான். நிக்கலைங்க! 35,786 கிலோமீட்டர் உசரத்துல நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்துல ஓடிக்கிட்டே கெடக்குது. அது ஒரு சுத்து வர்ற நேரமும் பூமி தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தற நேரமும் ஒண்ணா இருக்கறதால நம்ம டிஷ்ஷுக்கு நிக்கற மாதிரி தெரியுது, அவ்வளவுதான். ஓடறதையும் சும்மா விடறதில்லை, நிலாவும் சூரியனும் இழுத்து அது சுத்தற பாதையையே வருஷத்துக்கு முக்கால் டிகிரிக்கு மேல சாய்ச்சுருது, பூமி சரியான உருண்டை இல்லாததால கெழக்கு மேக்காவும் நகந்துரும். நம்ம பக்கத்து சேட்டிலைட்டுகளை அப்படியே விட்டா 75 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு நேர் மேல இருக்கற எடத்தைப் பார்த்துத்தான் உருண்டு வரும், அங்க பள்ளம் மாதிரிங்க. கோயமுத்தூரு 77 டிகிரி, பக்கத்துலதான். ஆனா அங்கயும் வந்து நிக்காது, அக்கட்டயும் இக்கட்டயும் ஊசலாடிக்கிட்டு கெடக்கும்.

அதுக்குத்தான் அவிநாசித் தேருக்கு சன்னக்கட்டை போடற மாதிரி ஹாசன்லயும் போபால்லயும் இருக்கற இஸ்ரோக்காரங்க அப்பப்ப அதுல இருக்கற குட்டி ராக்கெட்டைத் தட்டித் தட்டி 0.1 டிகிரிக்குள்ள புடிச்சு வெக்கறாங்க. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் எரிபொருள் போகும், மேல பங்க்கு கெடையாது. உள்ள மிஷினெல்லாம் சோக்கா இருந்தாலும் டாங்க்கு தீர்ந்தா சோலி முடிஞ்சுது.

93.5 டிகிரில இருந்த இன்சாட்-4பிங்கற நம்ம சேட்டிலைட் கதையைக் கேளுங்க. 2007 மார்ச்சுல போச்சு, 12 வருஷத்துக்குன்னு செஞ்சது. கெளம்பும்போது மூவாயிரத்துச் சில்லறை கிலோ, அதுல பாதிக்கு மேல எரிபொருள்தான், அதுலயும் பெரும்பங்கு மேல போய்ச் சேர்றதுக்கே சரியாப்போச்சு. 2010 ஜூலைல சோலார் பேனல் பக்கம் கோளாறாகி சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற டிரான்ஸ்பாண்டர்ல பாதியை அணைச்சுட்டாங்க. அப்ப பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கமெல்லாம் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு வீடு வீடா ஏறி டிஷ்ஷை மலேசியா சேட்டிலைட்டுக்குத் திருப்புனோம். என் சர்வீஸ்ல மேல நடந்த கோளாறுக்குக் கீழ டிஷ்ஷைத் தொட்டது அந்த ஒரே தடவைதான், அப்பவும் ரெண்டு டிகிரி திருப்புனதோட சரி, புது டிஷ்ஷெல்லாம் இல்லை. அந்தப் பாதி உசுரோடயே 4பி 2022 ஜனவரி வரைக்கும் ஓட்டுச்சு. கடைசியா மிச்சம் வெச்சிருந்த எரிபொருளை எரிச்சு பதினோரு தடவை தட்டி, வழக்கமான உசரத்துக்கு மேல ஒரு 340 கிலோமீட்டர் தள்ளி விட்டுட்டாங்க. கீழ வந்து உங்க தென்னந்தோப்புல விழுகாதுங்க, வெசனப்படாதீங்க. அது போறதுக்கு ஆறு வருஷத்துக்கு முந்தியே, 2015 நவம்பர்ல, ஜிசாட்-15ங்கற அடுத்த சேட்டிலைட் கெளம்பி அதே 93.5-க்குப் போய்ச் சேர்ந்துருச்சு. உங்க டிஷ் ஒரு இஞ்சாவது அசைஞ்சுதா?

சரி, ஆத்தா வீட்டுல படம் ஏன் போச்சு? மார்ச் நடுவுலயும், செப்டம்பர் கடைசி அக்டோபர் தொடக்கத்துலயும் சில நாளைக்கு சூரியன் நம்ம டிஷ்ஷுக்கும் சேட்டிலைட்டுக்கும் நேர்கோட்டுல பின்னாடி வந்து நிக்கும். சூரியனோட இரைச்சல்ல சிக்னல் அமுங்கிரும். 93.5 டிகிரி சேட்டிலைட்டுக்கு நம்ம ஊர்ல பதினோரு மணியை ஒட்டி, 83 டிகிரில இருக்கறதுக்கு பன்னெண்டை ஒட்டி. மேகமே இருக்காது, வெயில் சுள்ளுனு அடிக்கும், படம் மட்டும் போயிரும். பத்து நிமிஷம் போல கழிச்சு அதுவே வந்துரும். இந்தத் திருட்டுப்பயலுக அந்த பத்து நிமிஷத்தைத்தான் விக்கறானுங்க.

அதனால படம் போனா மொதல்ல நேரத்தைப் பாருங்க. அரை மணி நேரம் பொறுங்க. அப்பவும் வரலைன்னா டிஷ்ஷு முன்னாடி முருங்கையோ தென்னை மட்டையோ வளர்ந்து மறைக்குதான்னு கீழ இருந்தே பாருங்க, மேல ஏறாதீங்க, ஓட்டு மேல ஏறி இடுப்பு ஒடிஞ்ச ரெண்டு பேரை எனக்குத் தெரியும். மழை பேஞ்ச பொறவுன்னா பாதி கேஸு கனெக்டர்ல தண்ணி எறங்குனதுதான், அதுக்கு சும்மா கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி விட்டுட்டுப் போறவனும் எங்க ஆளுதான், சொல்லவே வெக்கமா இருக்குது. கூப்புடாம வர்றவனை மாடிக்கு விடாதீங்க. சேட்டிலைட் மாறிப்போச்சும்பான், எத்தனாவது டிகிரிங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க, முழிப்பான். வெளியூர்ல இருக்கற மக்கமாரே, அப்பா அம்மாளுக்கு இதை ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க சாமி, ரெண்டு நிமிஷ வேலை.

பொழுதோட வந்து அந்த வெள்ளகோயில் வீட்டு நம்பரைத் தேடிப் புடிச்சு பேசுனேன். அவங்க டிஷ்ஷையும் சேட்டிலைட் முடிஞ்சுருச்சுன்னுதான் கழட்டிட்டுப் போனாங்களாம். போன அக்டோபர் தொடக்கத்துல, பதினோரு மணிக்கு.