பிரசாத்: அருளுக்கு முன்னால் இருந்த பொருள்

பையனுக்கு வடமொழிப் பெயர், அதில் 'அருள்' என்ற பொருள் வரவேண்டும் என்று கேட்டால் வேலூர்ப் பக்கத்தில் சட்டென்று வாயில் வருவது பிரசாத். குடியாத்தம், காட்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குவதால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பெயர் இது. முன்னால் எந்தச் சாமியையும் சேர்த்துக்கொள்ளலாம். சிவபிரசாத் என்றால் சிவன் அருளால் கிடைத்தவன், குருபிரசாத் என்றால் குருவருளால் கிடைத்தவன்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அருள் உடனே கண்ணில் படாது. 'ஸத்' என்ற வேருக்கு உட்கார்தல், படிதல் என்று பொருள். அதன்முன் 'ப்ர' சேர்ந்தால் கலங்கிய நீரில் மண் அடியில் படிந்து மேலே தெளிவது. நீரைப் பற்றிய சொல் பிறகு மனத்துக்கு வந்தது. மனம் தெளிந்தவர் முகம் மலர்கிறது, சினம் தணிகிறது, கேட்டதைக் கொடுக்கிறார். அப்படி மனமிரங்கிக் கொடுப்பதும் பிரசாதம், கொடுத்த பொருளும் பிரசாதம். சோளிங்கர் மலை இறங்கும்போது கையில் இருக்கிற புளியோதரை இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்த பொருள்.

இரண்டு பொருளும் கீதையிலேயே இருக்கின்றன. 2ஆம் அத்தியாயத்தின் 64, 65ஆம் சுலோகங்களில் பிரசாதம் என்றால் மனத்தெளிவு, அது வந்தால் துன்பமெல்லாம் போய்விடும் என்கிறது. 18ஆம் அத்தியாயம் 73இல், உன் பிரசாதத்தால் என் மயக்கம் ஒழிந்தது என்று அர்ச்சுனன் கண்ணனிடம் சொல்கிறான். அங்கே அருள்.

தெளிதல் என்ற பழைய பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை வாங்குங்கள். பொத்தான் மாதிரி உருண்டையாக, கெட்டியாக இருக்கும். மண்பானையின் உட்புறத்தில் அதைக் கொஞ்சம் உரசிவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், நேரம் ஆக ஆக மண் திரண்டு அடியில் இறங்கிவிடும். வடமொழியில் இதற்குக் கதகம் என்று பெயர். 'நீரைப் பிரசாதம் ஆக்குவது' என்றே மனுஸ்மிருதி இதைச் சொல்கிறது (6.67). அதே சுலோகத்தில் ஒரு குத்தலும் உண்டு. கதகக் காய் நீரைத் தெளிவிக்கும் என்றாலும், அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடாது என்கிறது. பெயரிலேயே பிள்ளையின் குணம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை படிக்கலாம். தமிழிலும் இது பழைய செய்திதான். கலித்தொகை 142ஆம் பாடல் இந்த விதையை 'இல்லத்துக் காழ்' என்கிறது; இங்கே இல்லம் என்றால் தேற்றா மரம், காழ் என்றால் விதை. தேறு, தேற்று, தெளி என்று நம்மிடம் வினைகளும் இருக்கின்றன. ஆக, வேர்ப்பொருளுக்கு நேர்த்தமிழ் தெளிவு, பெயராக வழங்கும் பொருளுக்கு நேர்த்தமிழ் அருள்.

பிரசன்னாவும் இதே வேர்தான். தெளிந்தது, மலர்ந்தது என்று பொருள். சோழி உருட்டிப் 'பிரசன்னம்' பார்ப்பதோடு இதைச் சேர்க்காதீர்கள், அது கேள்வி என்று பொருள்படும் 'பிரச்ன' என்ற சொல்லின் திரிபு. பிரசாந்த்தும் வேறு. அதன் பொருள் அமைதியடைந்தவன்.

இனி மற்ற பெயர்கள். கிருபா என்பதற்குப் பின்னால் ஒரு பிள்ளை வளர்ப்புக் கதையே இருக்கிறது. நாணற்காட்டில் கிடந்த ஆண், பெண் இரு குழந்தைகளைச் சந்தனு மன்னன் இரக்கப்பட்டு எடுத்து வளர்க்கிறான். அந்த இரக்கம், அதாவது கிருபையே அவர்களுக்குப் பெயரானது என்கிறது மகாபாரதம். கிருபன் பின்னாளில் கௌரவ, பாண்டவப் பிள்ளைகளுக்கு ஆசான். கிருபாகரன் என்றால் கிருபைக்குச் சுரங்கம் போன்றவன். இந்தச் சொல்லுக்கு வேலூரில் இன்னொரு வீடும் உண்டு. புராட்டஸ்டன்ட் விவிலியத்தில் 'கிருபை' என்று வருவதால் கிறித்தவக் குடும்பங்களில் கிருபா என்ற பெயர் தாராளமாகப் புழங்குகிறது. கத்தோலிக்கர் 'அருள் நிறைந்த மரியே' என்று செபிப்பவர்கள், அவர்கள் வீட்டில் அருள்தாஸ், அருளப்பன். பழைய கத்தோலிக்கத் தமிழில் 'இஷ்டப்பிரசாதம்' என்றும் ஒரு சொல் இருந்தது.

அனுக்ரஹ் இப்போது புதிதாக வைக்கிறார்கள். 'க்ரஹ்' என்றால் பிடித்தல், விழாமல் தாங்கிப் பிடிப்பது என்ற கருத்தில் அருள். சைவர் சொல்லும் ஐந்தொழிலில் ஐந்தாவதான அருளல் இதுதான். சொல் நல்ல சொல், ஆனால் பாட்டி வாயில் 'அனுகிரகம்' ஆகிவிடும். தயா, கருணா இரண்டும் இரக்கத்தின் பக்கம் சாய்பவை.

பெயர்ப் பட்டியல்களில் லலித் என்பதையும் இந்த வரிசையில் போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் அருளுக்கும் நளினத்துக்கும் 'கிரேஸ்' என்று ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம். லலித் என்றால் நளினமானவன். அதில் அருள் இல்லை.

தமிழில் அருள் பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். 'அருள்மிகு ஜலகண்டேஸ்வரர்' என்று கோயில் பலகையில் இருக்கும், சாமி வீதியுலா கிளம்பினால் 'எழுந்தருளினார்' என்போம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலக் கூட்டத்தில் ஒருவர் உடல் நடுங்கி ஆடினால் பக்கத்தில் இருப்பவர் 'அருள் வந்துட்டுது, வழி விடுங்க' என்பார். பிரசாதத்துக்கு இந்த வேகம் கிடையாது. உறவு பார்த்து வருவது அன்பு, உறவு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று குறளுக்கு உரை சொல்வார்கள். குறள் 757 அருளையே ஒரு குழந்தையாகப் பார்க்கிறது: 'அருளென்னும் அன்பீன் குழவி'. அன்பு பெற்ற பிள்ளை. இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயருக்குச் சான்று தேட வேண்டியதில்லை.

பெரிய ஆளுக்கு இருந்த பெயரா என்று கேட்பவர்களைப் பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடிக்கு அனுப்பலாம். அங்கே தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவுக் கோயில், எடுத்தவன் முதலாம் இராசராசன். திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் பெயரை அருண்மொழிவர்மன் என்கிறது. அருள் + மொழி சேர்ந்தால் ளகரம் ணகரமாகி அருண்மொழி. இதை வைத்துக்கொண்டு 'அருண்' என்றால் அருள் என்று நினைத்துவிடக் கூடாது. அருண் வடமொழி, விடியலின் சிவப்பு. அருணகிரி என்றால் செம்மலை.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு: உத்திரம் 4ஆம் பாதத்துக்கு 'பி', பிரசாத் பொருந்தும். மிருகசீரிடம் 4ஆம் பாதத்துக்கு 'கி', கிருபாகரன். கார்த்திகை முதல் பாதத்துக்கு 'அ', அதற்கு அருளும் உண்டு, அனுக்ரஹும் உண்டு. என்னைக் கேட்டால் அருள், அருளாளன், திருவருள் இவற்றில் ஒன்று. வடமொழிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால் பிரசாத்.

அவசரமில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை இடமுண்டு. பிரசாத் என்று முடிவானால் ஆங்கிலத்தில் கடைசியில் 'd'யா (Prasad), 'th'ஆ (Prasath) என்பதை அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஆந்திரப் பக்கம் 'd', நம் பக்கம் பெரும்பாலும் 'th'. சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று போனால் பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும்.