பிள்ளையின் வலியைக் கோச்சிடம் மறைக்காதீர்கள்

போன வாரமும் ஒரு பையன் வந்தான். வயது 13, வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறான். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு புடைத்திருக்கிறது, தொட்டாலே துடிக்கிறான். மூன்று மாத வலியாம். "கோச்சுக்குத் தெரியுமா?" என்றேன். அம்மா பதறினார். "ஐயோ மேடம், சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாரு."

பிசியோதெரபிஸ்டாக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புளியந்தோப்போ தண்டையார்பேட்டையோ, எல்லா வீட்டிலும் இதே பயம்.

இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர், முழங்காலுக்குக் கீழே தசைநார் எலும்போடு ஒட்டும் இடம் வீங்கி வலிப்பது. வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஓட்டத்தையும் குதிப்பதையும் கொஞ்ச நாள் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குறைக்க வேண்டியவர் கோச். அவரிடமே மறைத்தால் யார் குறைப்பது?

இன்னும் விசாரித்தேன். காலையில் தனிக் கோச்சிங், மாலையில் ஸ்கூல் டீம், ஞாயிறானால் டோர்னமென்ட். இந்தக் கோச்சுக்கு அந்தக் கோச்சைத் தெரியாது. "நிறைய ஆடினாத்தானே மேடம் நல்லா வருவான்?" என்கிறார் அப்பா. இல்லைங்க. பயிற்சியில் உடம்பு களைக்கிறது. அது பலப்படுவது அதற்குப் பிறகு, ஓய்விலும் தூக்கத்திலும். ஓய்வே தராமல் மேலும் மேலும் ஓடவிட்டால் திறமை கூடாது, காயம்தான் கூடும். பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரப் பயிற்சியைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். இரண்டு கோச்சிடமும் மொத்த மணி நேரத்தைச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உண்மைதான். வீட்டுக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. அதற்காக அந்த பாரம் முழுவதையும் இந்த வயதிலேயே பிள்ளையின் முழங்காலில் ஏற்றாதீர்கள்.

கோச்சுகளே, வலிக்கிறது என்று சொன்ன பையனை ஓரமாக உட்கார வைத்து மறந்துவிட்டால் அடுத்தவன் வாயே திறக்க மாட்டான். சீசனுக்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரமாக இருக்கட்டும். காயம் ஆறி வந்தால் மறுபடி வாய்ப்பு உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பரீட்சை மாதத்தில் பயிற்சி எப்படி என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

பெற்றோரே, யாரை ஆடவிடுவது என்பது கோச்சின் முடிவு. கோட்டுக்கு வெளியே நின்று "ஷூட் பண்ணுடா" என்று கத்தாதீர்கள். அவர் பாஸ் போடச் சொல்லியிருப்பார், பிள்ளை யார் பேச்சைக் கேட்பான்? தயவுசெய்து வலியை மட்டும் மறைக்காதீர்கள். நொண்டினாலோ, இரவில் வலித்து விழித்தாலோ, ஸ்ப்ரே அடித்து மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், அன்றைக்கே கோச்சுக்குப் போன் போடுங்கள்.