கொரிய மெனுவில் சைவம், ஒவ்வாமை, மது: எந்தச் சொல்லில் எது ஒளிந்திருக்கிறது?

கொரிய உணவகத்தில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டால், பெரும்பாலும் மீனைச் சாப்பிட்டிருப்பீர்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 'கோகி' (இறைச்சி) என்றால் அங்கே மாடு, பன்றி, கோழிதான். நெத்திலி போட்டுக் கொதித்த தண்ணீரும் இறால் உப்பும் அந்தக் கணக்கில் வராது. எனவே பெயரைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பெயரில் இல்லாததைக் கேட்கவும் தெரிய வேண்டும்.

முதலில் பெயர். உணவின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள், சமைத்த விதம் தெரிந்துவிடும். 'பாப்' சோறு. 'குக்சு', 'ம்யொன்' இரண்டும் நூடுல்ஸ். 'குக்', 'தாங்' தண்ணீராக இருக்கும் சூப். 'ஜிகே' அதைவிடக் கெட்டி, மண்சட்டியில் கொதித்தபடியே மேசைக்கு வரும். 'ஜொன்' மாவில் தோய்த்துத் தட்டையாகச் சுட்டது, 'குயி' நெருப்பில் வாட்டியது, 'பொக்கும்' வதக்கியது, 'நமுல்' காய் அல்லது கீரைப் பிரட்டல். முன்பாதி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். 'ஹேமுல்பாஜொன்' என்பதைப் பிரித்தால் ஹேமுல் (கடலுணவு), பா (வெங்காயத்தாள்), ஜொன். ஆங்கில எழுத்தில் ஒரே உணவு 'K' என்றும் 'G' என்றும் தொடங்கும் இரண்டு விதமாக இருந்தால் குழம்ப வேண்டாம். 2000-இல் எழுத்துபெயர்ப்பு முறை மாறியும் பழைய எழுத்துக்கூட்டல்கள் புழக்கத்தில் நிற்கின்றன. 'சுண்டே' மட்டும் கவனம். ஆங்கிலத்தில் ஐஸ்கிரீம் சண்டே போலவே எழுதப்படும் அது, பன்றிக்குடலில் இரத்தமும் கண்ணாடி நூடுல்ஸும் அடைத்து அவித்தது. 'சுண்டுபு' வேறு, அது மென்மையான டோஃபு.

இனி பெயரில் வராதவை. முதலாவது 'யுக்சு', அதாவது சூப்புக்கு அடிப்படையான சாறு. தொயென்ஜாங் ஜிகே வெறும் சோயா விழுதும் டோஃபுவும் சுரைக்காய் வகையும் போலத்தான் தெரியும். அதன் தண்ணீர் காய்ந்த நெத்திலியும் தசிமா என்னும் கடற்பாசியும் கொதித்தது. தொக்பொக்கியின் (காரமான அரிசிக் கொழுக்கட்டை) சிவப்புக் குழம்பும் பெரும்பாலும் அப்படியே, அதில் 'ஒமுக்' என்ற மீன்மாவுத் துண்டுகளும் உண்டு. இரண்டாவது 'ஜொட்கல்': உப்பில் நொதித்த இறால், மீன் வகைகள். வழக்கமான கிம்ச்சியில் (நொதித்த காரக் காய்கறி ஊறுகாய்) சாவுஜொட் என்ற குட்டி இறாலோ, நெத்திலிச் சாறோ சேர்ந்திருக்கும். ஏற்கெனவே நொதித்துவிட்டதால் "அதை எடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்பது நடக்காது. சைவக் கிம்ச்சி தனியாகப் போட்டது இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். பிபிம்பாப்பில் (காய்கறிகள் வைத்துக் கலந்து சாப்பிடும் சோறு) இறைச்சியும் முட்டையும் தவிர்க்கச் சொல்பவர்கள் மேலே வைக்கும் காரவிழுதை மறந்துவிடுகிறார்கள். சில கடைகளில் அது மாட்டிறைச்சிக் கொத்து சேர்த்து வதக்கிய யாக்கொச்சுஜாங். ஜஜாங்ம்யொன்னின் கறுப்புக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் வழக்கம்.

ஓரளவு நம்பத்தக்கது 'கொங்குக்சு', குளிர்ந்த சோயாப்பாலில் கோதுமை நூடுல்ஸ் (கூட வரும் கிம்ச்சியைத் தொடாதிருந்தால்). 'சச்சால் உம்சிக்' எனப்படும் பௌத்த மடாலய உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காய வகைகளும் கிடையாது.

வீட்டில் சமைத்தால் மீன் இல்லாத சாறு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 செ.மீ. சதுரமான தசிமாத் துண்டும் மூன்று நான்கு காய்ந்த ஷிடாகே காளானும் அரைமணி நேரம் ஊறட்டும். மிதமான தீயில் கொதி வரத் தொடங்கியதும் தசிமாவை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் சாறு கொழகொழத்துக் கசக்கும். காளான் இன்னும் கால் மணி நேரம் கொதிக்கலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு: சோயா சாஸ் (கன்ஜாங்), கொச்சுஜாங் (மிளகாய் விழுது) இரண்டிலும் கடையில் விற்பவற்றில் கோதுமையோ பார்லியோ இருப்பது சாதாரணம். அரிசி உணவுதானே என்று குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) ஆகாதவர்கள் இறங்கிவிடக் கூடாது. தண்ணீருக்குப் பதில் வைக்கும் 'போரிச்சா'கூட வறுத்த பார்லியில் காய்ச்சியது. 'மேமில்' என்றால் பக்வீட் என்ற தானியம். நெங்ம்யொன் நூடுல்ஸில் அது வரும், ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கடுமையான எதிர்வினை தரக்கூடியது. சொல்ல வேண்டியது: "மேமில் அல்லெருகி இஸ்ஸொயோ". சாறு எதில் என்று கேட்க, "யுக்சுநுன் முவோரோ நேசேயோ?" இறைச்சியை விலக்க, "கோகி ப்பே ஜுசேயோ". கேட்காமலே மேசைக்கு வரும் பன்ச்சான் (தொட்டுக்கொள்ளும் பக்க உணவு) கிண்ணங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

'சம்கெதாங்' கோழிக்குள் அரிசியும் ஜின்செங் வேரும் அடைத்து வேகவைத்தது. வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். சில கடைகளில் இதோடு ஒரு சின்னக் கோப்பை ஜின்செங் மதுவும் வரும்.

பானங்களில் முடிவு 'சா' என்றால் டீ போன்ற பானம், 'ஜு' என்றால் மது. மேசில் ஒரு பிளம் வகைப் பழம்; மேசில்சா இனிப்புப் பழச்சாற்றுப் பானம், மேசில்ஜு மது. 'ஜுசு' மட்டும் விதிவிலக்கு, அது வெறும் ஜூஸ்தான். சிக்கே (அரிசி மிதக்கும் இனிப்பு நீர்), சுஜொங்க்வா (இஞ்சி, பட்டை) இரண்டிலும் மது இல்லை. மிசுட்கரு நம் சத்துமாவைப் போல வறுத்த தானியப் பொடி, எள்ளும் சோயாவும் இருக்கலாம்.

பச்சைப் புட்டியில் வரும் சொஜு என்ற தெளிந்த மது 360 மி.லி.; இப்போது விற்பவை ஏறக்குறைய 16 சதவீத ஆல்கஹால். ஒரு புட்டியில் சுமார் 45 கிராம் சுத்த ஆல்கஹால் சேரும். திராட்சை, பீச் வாசனை சொஜு 12 சதவீத அளவில் இருந்தாலும் ஒரு புட்டி சுமார் 34 கிராம். 5 சதவீத பீர் 650 மி.லி. தருவது 26 கிராம்தான். இனிப்பு மறைத்துவிடுவதால் முதல்முறை குடிப்பவர்கள் கணக்குத் தவறுவது இங்கேதான். வெள்ளையான மக்கொல்லி என்ற அரிசி மது சுமார் 6 சதவீதம், ஆனால் புட்டி 750 மி.லி., ஆக அதுவும் முழுதாகக் குடித்தால் 35 கிராமைத் தொடும். வண்டல் கலக்கக் குலுக்கி உடனே திறந்தால் பொங்கும். மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் கலந்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.