‘தலையைத் தூக்காதே’ என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்

போன சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நான் கோல்ஃப் சொல்லித் தரும் ரேஞ்சுக்கு (பந்தை அடித்துப் பழகும் இடம்) ஒருவர் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோளில் கடை வாசனை போகாத பை, அதற்குள் 14 கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டைகள். இடது முழங்கையில் பட்டை கட்டியிருந்தார். வேறொரு இடத்தில் 20 வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டி, 12 வகுப்பு முடித்துவிட்டாராம். “இன்னும் பந்து தரையோடு தரையாத்தான் ஓடுது சார்” என்றார்.

அவர் கிளப்பைச் சுழற்றி அடிக்கும் ஸ்விங்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கையுறையைக் கழற்றித் தரச் சொன்னேன். உள்ளங்கையின் அடிமேட்டில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. கிளப்பை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிப்பவர்களுக்கு அந்த இடம்தான் முதலில் கிழியும். ஒவ்வொரு அடியிலும் கைப்பிடி நழுவி அங்கேயே தேய்க்கும். 12 வகுப்பில் ஒரு நாள்கூட யாரும் அந்தக் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

“கோச் என்ன சொன்னார்?”

“நான் தலையைத் தூக்கறேனாம் சார்.”

இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

‘தலையைத் தூக்கிட்டீங்க’ என்பது கோல்ஃபில் எல்லா நோய்க்கும் தரப்படும் ஒரே மாத்திரை. பந்து உருண்டாலும் தலை, வலப்பக்கம் வளைந்து போனாலும் தலை, கிளப் பந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டினாலும் தலை. சொல்பவருக்கு இதைவிட வசதியான வார்த்தை கிடையாது. அடித்த பந்து எங்கே போனது என்று பார்க்காத மனிதர் உண்டா? அதனால் குற்றச்சாட்டு எப்போதும் பொருந்திவிடும்.

உண்மையில் நடப்பது வேறு. பந்து மேலே எழும்ப வேண்டும் என்று புதியவர் நினைக்கிறார். அதனால் கரண்டியால் சாம்பார் அள்ளுவதுபோல அதை அடியிலிருந்து தூக்கிவிடப் பார்க்கிறார். உடல் எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது, இடது கை மடங்குகிறது, முதுகு நிமிர்கிறது. கிளப்பின் விளிம்பு பந்தின் உச்சியில் பட்டு, பந்து உருண்டு ஓடுகிறது. முதுகு நிமிர்ந்தால் அதன் மேல் இருக்கும் தலையும் உயரத்தான் செய்யும். நோயை விட்டுவிட்டு அதன் அடையாளத்தைத் திட்டி என்ன பயன்?

ஏழாம் அயர்னை (உலோகத் தலை உள்ள கிளப்களில் ஏழாம் எண்) கையில் எடுத்து, பந்தில் படும் அதன் முகத்தைப் பாருங்கள். சுமார் 30 டிகிரிக்குச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பந்தை மேலே அனுப்புவது அந்தச் சாய்வின் வேலை. உங்கள் வேலை சற்றுக் கீழ்நோக்கி அடிப்பது. பந்து முதலில், புல் அப்புறம். இதைப் புரிந்துகொண்டவர் பந்தைத் தூக்க முயல்வதை விட்டுவிடுவார், தலையும் தானாக அடங்கிவிடும்.

அந்தப் பெரியவர் என்ன செய்திருக்கிறார் என்றால், கோச் பேச்சைக் கேட்டுத் தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துவிட்டார். தாடை அங்கே இருந்தால் இடது தோள் திரும்பி எங்கே போகும்? தோளுக்கு வழியில்லாததால் கைகள் மட்டும் மேலே போகின்றன, கைகள் மட்டுமே அடிக்கின்றன, கிளப் தரையில் விரித்திருக்கும் பாயில் மோதுகிறது. அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது முழங்கை. (‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கம்தான் வலி, அதாவது டென்னிஸ் எல்போ.)

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் அன்னிகா சோரன்ஸ்டாமின் ஸ்விங்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்தில் கிளப் படும் நேரத்தில் அவர் முகம் ஏற்கெனவே இலக்கை நோக்கித் திரும்ப ஆரம்பித்திருக்கும். டேவிட் டுவாலும் அப்படித்தான். முதலாமவர் பெண்களுக்கான தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ-வில் 72 போட்டிகளை வென்றவர், இரண்டாமவர் 2001 பிரிட்டிஷ் ஓபன் வெற்றியாளர். இரண்டு பேருமே ஒரே சுற்றை 59 அடிகளில் முடித்தவர்கள். அவர்களிடம் போய்த் ‘தலை, தலை’ என்று சொல்லிப் பாருங்களேன்.

சரி, கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தயவுசெய்து 20 வகுப்புக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். முதுகுவலி உண்டா, என்ன வேலை பார்க்கிறீர்கள், கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்களா, வாரத்தில் எத்தனை நாள் வர முடியும் என்று கேட்கிறாரா? உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் வைத்துப் பார்க்கிறாரா? அங்கேயே இருங்கள். வந்ததும் கையில் டிரைவரை (வெகுதூரம் அடிப்பதற்கான நீளமான கிளப்) கொடுத்து “அடிங்க பார்ப்போம்” என்றால், ஒரு பக்கெட் பந்தை அடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். ஒரே வகுப்பில் எட்டுத் திருத்தம் சொல்பவரும் வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியில் உங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கும், அதுவும் தப்பாக.

கிரிக்கெட்டை ஏன் கேட்க வேண்டும் என்றால், நம் ஊரில் பாதிப் பேர் அந்தக் கையோடுதான் வருகிறார்கள். கீழ்க்கை இறுகிப் பிடிக்கும், மிட்விக்கெட் பக்கம் இழுத்துவிடும். வலது கைக்காரர், ஆனால் இடது பக்கம் நின்று பேட் பிடிப்பவர் என்றால் எந்தப் பக்கம் நின்று அடிப்பது என்பதையே முதல் நாள் முடிவு செய்ய வேண்டும். கேட்காத கோச்சுக்கு இது மூன்றாவது மாதம்தான் தெரியவரும்.

நன்றாக ஆடுகிறவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்பதும் இல்லை. போட்டிகளில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் வேறு, பயிற்றுநர் வேறு. இந்தியன் கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பயிற்றுநர்களுக்குப் பாடம் நடத்திச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் காகிதம் மட்டும் போதாது. ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக (caddie) இருந்து கோச்சானவர்களில் சிலருக்கு இருக்கும் கண் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

இன்னொரு கேள்வி: பட்டிங் கிரீனுக்கு, அதாவது பந்தைத் துளைக்குள் உருட்டிப் பழகும் புல்தரைக்கு, எப்போது கூட்டிப் போவீர்கள்? 72 பார் உள்ள மைதானத்தில், அதாவது 18 துளைகளை 72 அடியில் முடிக்க வேண்டும் என்று வகுத்த இடத்தில், துளைக்கு இரண்டு வீதம் 36 அடி பட்டிங்குக்கென்றே கணக்கு. சரிபாதி! ஆனாலும் எல்லோரும் டிரைவருக்குத்தான் வகுப்பு கேட்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தார். அங்கே வந்திருந்தவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். பந்தை உருட்டும் பட்டரை (putter) வைத்துக்கொண்டுதான் உலகத்தின் முதல் வரிசையோடு மல்லுக்கு நின்றார்.

புல்லில் அடிக்க விடுவாரா என்றும் கேட்டுவிடுங்கள். பாய் பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னால் கிளப் பட்டாலும் பாயில் சறுக்கிக்கொண்டு போய் பந்தை அடித்துவிடும், உங்களுக்கும் ‘ஆஹா’ என்றிருக்கும். அதே அடி புல்லில் மண்ணைத்தான் கிளப்பும்.

வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம்மா. கோல்ஃபும் கெடும், காலைக் காப்பியும் கெடும். குழந்தைகளைக் கூட்டி வரும் பெற்றோர் கவனியுங்கள், அப்பாவின் பழைய கிளப்பை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுக்காதீர்கள். நீளம் குறையுமே தவிர கிளப்பின் தலை கனமாகவேதான் இருக்கும், தண்டு இன்னும் விறைப்பாகிவிடும். குழந்தை அதைச் சுழற்றாது, அதுதான் குழந்தையைச் சுழற்றும்.

கிளப்பா? முதல் மூன்று மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம், ரேஞ்சில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏழாம் அயர்ன், ஒன்பதாம் அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ் (மணல் குழியிலிருந்து பந்தை எடுக்கும் கிளப்), ஒரு பட்டர் போதும். விதிப்படி 14 என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், அத்தனையும் வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பெரியவர் கதைக்கு வருகிறேன். அன்று அவரை முழு ஸ்விங் போடவே விடவில்லை. கிளப்பை விரல்களில் வைத்துக் கொடுத்து, ஏழாம் அயர்னால் பத்தடி தூரத்துக்கு நாற்பது பந்து ‘சிப்’ செய்ய, அதாவது மெல்லத் தட்டி அனுப்பச் சொன்னேன். முப்பதாவது பந்துக்கு மேல் அந்த ‘டொக்’ சத்தம் வர ஆரம்பித்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முழங்கையை ஒரு பிசியோவிடம் காட்டிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். பழைய இடத்தில் மீதி எட்டு வகுப்புப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம், ரசீதிலேயே போட்டிருக்கிறதாம்.

“புதுக் கையுறை ஒண்ணு வாங்கிக்குங்க. வேற எதுவும் வாங்காதீங்க” என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “நேத்துதான் சார் புது டிரைவர் ஆர்டர் போட்டேன்” என்றார்.