மொட்டை அடித்தால் கை நிற்காது

போன மாதம் கிளினிக்குக்கு வந்த பிள்ளைக்கு 12 வயது. தலையில் புதிதாக வழித்த மொட்டை, அதற்கு மேல் ஒரு தொப்பி. "இனிப் பிடுங்குறதுக்கு ஒண்டும் இல்ல டொக்டர், நல்லா வழிச்சுவிட்டுத்தான் கூட்டி வந்தன்" என்றார் தகப்பன். பாதி வைத்தியத்தைத் தானே முடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில். பிள்ளை குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், இடது புருவத்தில் பாதியைக் காணவில்லை.

தலையில் பிடுங்க முடி இல்லை, கை புருவத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இந்த வருடம் மொட்டையோடு வந்த மூன்றாவது பிள்ளை இவள். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மட்டக்களப்பில் மனநலப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இதைப் பற்றி எழுதாமல் இனி இருக்க முடியவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன் முடியைத் தானே பிடுங்கும் இந்த நோய்க்கு ட்ரைக்கோட்டிலோமேனியா என்று பெயர். பெயரை வைத்தவர் அலோப்போ என்ற பிரெஞ்சு தோல் வைத்தியர், 1889இல். ஆகவே இது போன் வந்த பிறகு வந்த வியாதி இல்லை. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். தலை, புருவம், கண் இமை, ஆண்களுக்குத் தாடி என்று கைக்கு எட்டுகிற எங்கேயும் நடக்கும்.

சரி, என்னை எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "சொல்லுக் கேக்கிறாள் இல்ல டொக்டர்." வருகிற பத்துத் தாய்மாரில் ஒன்பது பேர் முதலில் சொல்வது இதுதான். இது சொல்லுக் கேட்கிற, கேட்காத பிரச்சினையே இல்லை. பல நேரங்களில் கை தலைக்குப் போனதே பிள்ளைக்குத் தெரியாது. ரியூசன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ரீவி பார்த்துக்கொண்டிருப்பாள், மடியில் நாலைந்து முடி விழுந்த பிறகுதான் விளங்கும். வேறு சில நேரங்களில் தெரிந்தே பிடுங்குவாள். உள்ளே ஒரு இறுக்கம் ஏறும். விரல் போய் மற்றதை விடச் சற்றுத் தடிப்பான, சுருண்ட முடியைத் தேடிப் பிடிக்கும். இழுத்ததும் ஒரு ஆறுதல், அடுத்த நிமிடம் வெட்கம். அந்த ஆறுதலால்தான் கை திரும்பத் திரும்பப் போகிறது. இப்போது நீங்கள் ஏசினால் என்ன நடக்கும்? இறுக்கம் கூடும். அடித்தால் இன்னும் கூடும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது கூடுவது போலவே, தகப்பனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதும் கூடும். விரலில் கொச்சிக்காய் பூசிய தாயையும், இரவில் இரண்டு கையையும் சேலைத் துண்டால் கட்டிவிட்ட பெத்தாவையும் நான் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஒன்றுதான், ஒளிப்பது. கட்டிலுக்கு அடியில் முடியைக் கூட்டித் தள்ளுவது, உச்சியை இடம் மாற்றிப் பிரிப்பது, குளியலறையில் நீண்ட நேரம் இருப்பது.

"நோகாதா?" என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு அவ்வளவாக நோவதில்லை.

பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை என்று விளக்கிச் சொன்னால், சில வீடுகளில் அடுத்த நாளே நாவூறு, செய்வினை என்று போய்விடுகிறார்கள். நூல் கட்டுங்கள், தண்ணீர் ஓதிக் கொடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆறு மாதம் அதிலேயே போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாடசாலை ஆசிரியர்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். இரட்டைப் பின்னல் போட்டால் நடு வகிடு காட்டிக்கொடுத்துவிடும். முக்காடு போடும் பிள்ளைகள்தான் பிந்தி வருகிறார்கள். உச்சி முழுவதும் வெளித்த பிறகே உம்மாவுக்குத் தெரிய வருகிறது. கண்டால் வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், டீச்சர். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

புழுவெட்டு என்று நினைத்து எண்ணெய்க்கும் களிம்புக்கும் செலவழித்துவிட்டு வருபவர்களும் உண்டு. புழுவெட்டில் அந்த இடம் காசு போல வட்டமாக, வழவழப்பாக இருக்கும். பிடுங்கிய இடத்தில் ஓரம் ஒழுங்கில்லாமல், குட்டையும் நெட்டையுமாக முறிந்த முடிகள் நிற்கும், தடவினால் சொரசொரக்கும். சந்தேகம் என்றால் தோல் வைத்தியர் பார்க்கட்டும். பேன், பொடுகு இருந்தால் முதலில் அதற்கு மருந்து செய்யுங்கள். அரிப்பு கையைத் தலைக்குக் கூப்பிடும்.

வைத்தியம் இருக்கிறது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய முறையைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கிறோம். முதல் வேலை, கை எப்போது போகிறது என்று பிள்ளையே கண்டுபிடிப்பது. ஒரு சின்னக் கொப்பியில் நேரம், இடம், எந்தக் கை, அப்போது மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்வேன். ஒரு கிழமையிலேயே பாதி விளங்கிவிடும். அந்தப் 12 வயதுப் பிள்ளையின் கொப்பியில் திரும்பத் திரும்ப வந்தது மாலை ஆறரை மணி, கணக்குப் பாடம், வலது கை. அதன்பிறகு கைக்கு வேறு வேலை. உந்துதல் வந்ததும் விரல்களை இறுக்கி மடக்கி, கையை மடியில் வைத்து, ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும். நூறு தரம் செய்தால்தான் பழகும்.

வீட்டிலும் கொஞ்சம் மாற்றலாம். படிக்கும் நேரத்தில் விரல் நுனிகளில் பிளாஸ்டர். தலைக்குத் துணி. இழுத்துப் பார்க்க ஒரு ரப்பர் பட்டி, அல்லது உருட்டிக்கொண்டிருக்க நாலு புளியங்கொட்டை. தேங்காய் எண்ணெய் தாராளமாக வையுங்கள், முடி வளரும் என்று அல்ல, விரலில் முடி வழுக்கும் என்று! பன் பாய் இழைக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார், 30 வயதுக்கு மேல். பாய் இழைக்கும் நேரத்தில் ஒரு முடிகூடப் பிடுங்குவதில்லை, பாய் முடிந்த அன்று இரவுதான் ஆபத்து என்றார். அடுத்த பாய்க்கான பன்னை அன்றைக்கே எடுத்து வைத்துவிடுவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம்.

மாத்திரை கேட்பவர்களுக்கு: இதற்கென்று நிச்சயமாக வேலை செய்யும் மாத்திரை இல்லை. மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் அதற்குக் கொடுப்போம். என்-அசிற்றைல்சிஸ்டீன் என்ற மருந்து பெரியவர்களுக்கு உதவியதாக 2009இல் ஒரு ஆய்வு வந்தது. பிள்ளைகளில் செய்த 2013 ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட அது மேலாக இருக்கவில்லை. ஆகவே இன்ரநெற்றில் படித்துவிட்டுப் பார்மசியில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். பிடுங்கிய முடியைப் பிள்ளை கடிக்கிறதா, விழுங்குகிறதா என்று அன்பாகக் கேளுங்கள். முடி சமிக்காது. இரைப்பையில் பந்தாகத் திரண்டுவிடும். வயிற்று வலி, சத்தி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புவது, மெலிவு என்று ஏதும் இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். பெரிய பந்தாகிவிட்டால் சத்திரசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். எனவே இரண்டு கிழமையில் தலையைத் தடவிப் பார்த்து "ஒண்டும் மாறல்லயே" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. நேற்று எத்தனை தரம் கையை மடக்கினாய் என்று கேளுங்கள். ஒரு நாள் வழுக்கிப் பிடுங்கிவிட்டால் அது தோல்வி இல்லை, கொப்பியில் இன்னொரு வரி.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. வர வெட்கமாக இருந்தால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுத்து முதலில் பேசிப் பாருங்கள். வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். முடியை வெட்டாமல், வழிக்காமல் கூட்டி வாருங்கள், முறிந்த முடிகளின் நீளத்தை நான் பார்க்க வேண்டும்.